வீட்டிலேயே டிவி கேம் செய்வது: மலையகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகளுக்கு இலத்திரனியல் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்க வருபவர்களும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை கடைசியில். இலத்திரனியலில் கையே வைக்காதவர் மேலிருந்து வரிசையாக வாசிப்பது நல்லது.

அண்ணே, டிவி கேம வீட்டுலயே செய்ய ஏலுமா, இல்ல சும்மா சொல்றீங்களா?

ஏலும். ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்ட் (நாம் எழுதும் நிரலை, அதாவது கட்டளை வரிகளை, ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), இரண்டு ரெசிஸ்டர், ஒரு ஏவி வயர், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டிவி. இவ்வளவு இருந்தால் திரையில் பந்து ஓடும். படம் கறுப்பு வெள்ளைதான். அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 96 புள்ளி. கடையில் விற்கும் பெட்டியோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் அதில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் நீங்கள் எழுதிய நிரல் வரியால் வந்தது. அதற்காகத்தான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

ரெட்ரோ கன்சோல்னா அந்தக் காலத்து கேசட் போடுற டிவி கேம்தானா?

ஆமாம், அந்தப் பரம்பரைதான். கேசட் செருகி விளையாடிய மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். அதற்கு முன்னால் 1977இல் அட்டாரி 2600 வந்தது. அதற்கும் முன்னால், 1972இல், மக்னவொக்ஸ் ஒடிசி.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அட்டாரி 2600இன் நினைவகம் வெறும் 128 பைட். ஃபாமிகாமின் வேலை நினைவகம் 2 கிலோபைட். இன்று நாம் கையில் எடுக்கும் ஊனோவிலும் 2 கிலோபைட்தான். ஃபாமிகாமில் படம் வரைவதற்கென்று தனிச் சிப்பும் தனி நினைவகமும் இருந்தன. ஊனோ எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்தக் காலத்துக்காரர்கள் எதையெல்லாம் யோசித்து மிச்சம் பிடித்தார்களோ, அதையெல்லாம் நீங்களும் யோசிக்க வேண்டி வரும்.

ராஸ்பெரி பை வாங்கி ரெட்ரோபை போட்டா ஆயிரம் கேம் விளையாடலாம்னு யூடியூப்ல சொல்றாங்களே. அது லேசு இல்லையா?

லேசுதான். ராஸ்பெரி பை ஒரு சின்ன முழுக் கணினி, ரெட்ரோபை அதில் பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள். விளையாடுவது மட்டும் நோக்கமென்றால் அதையே செய்யுங்கள், தப்பில்லை. மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றி, வயரைச் செருகி, கன்ட்ரோலரைப் பழக்கினால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். ஆனால் முடிந்த பிறகு படம் எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விலையும் ஊனோ நகல் போர்டைவிடப் பல மடங்கு. முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது எப்போதும் ஊனோதான்.

ஏற்கனவே பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பி பிளஸ் என்ற மாதிரி முதல் பை 4 வரையான முழு அளவு போர்ட்களில் ஹெட்போன் துளை வழியாகவே பழைய டிவிக்குப் படம் எடுக்கலாம். பை 4இல் அது முதலில் அணைந்திருக்கும், அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டும். பை 5இல் அந்தத் துளையே இல்லை. வயர் வாங்கும்போதும் கவனம் தேவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வயர்களில் உள்ளே தரைக் கம்பியும் (கிரவுண்ட், சுற்றின் 0 வோல்ட் பக்கம்) படக் கம்பியும் இடம் மாறியிருக்கும்.

என்னென்ன சாமான் வேணும்? ஹட்டன்ல கிடைக்குமா, கொழும்புக்குப் போகணுமா?

ஊனோ ஆர்3 நகல் போர்ட் ஒன்று, அதற்கான யூஎஸ்பி வயர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு புரொஜெக்ட் போர்ட் (சோல்டர் இல்லாமல் சாமான்களைச் செருகிச் சேர்க்கும் துளைப் பலகை), கொஞ்சம் ஜம்பர் வயர், பழைய ஏவி வயர் ஒன்று. ரெசிஸ்டரில் 1 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு. 470 என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு. நீல நிற உடம்பு ரெசிஸ்டராக இருந்தால் கோடு ஒன்று கூடுதலாக இருக்கும், மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும்.

ரெசிஸ்டரும் ஏவி வயரும் எந்த டவுனிலும் ரேடியோ, டிவி திருத்தும் கடையில் கிடைக்கும். ஊனோ போர்டுக்குக் கண்டி அல்லது கொழும்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இதற்காக மட்டும் பஸ் ஏற வேண்டியதில்லை. கொழும்பில் வேலை செய்யும் யாராவது வீட்டுக்கு வரும்போது சொல்லிவிடுங்கள், அல்லது பார்சலில் எடுங்கள்.

போர்ட் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆர்4 என்ற புதிய போர்ட் வேண்டாம். அதன் சிப் வேறு வகை, நாம் பாவிக்கப்போகும் டிவிஅவுட் நூலகம் (டிவியில் படம் வரைய ஏற்கனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) அதில் ஓடாது. இரண்டு, 28 கால்களோடு நீளமாக, சொக்கெட்டில் செருகியிருக்கும் பெரிய சிப் உள்ள போர்டாகக் கேளுங்கள். சின்னச் சதுரச் சிப் வைத்தது கொஞ்சம் மலிவு, வேலையும் செய்யும். ஆனால் கடைசிக் கேள்வியில் வரும் வேலைக்குச் சிப்பைக் கழற்ற வேண்டும், சதுரச் சிப்பைக் கழற்ற முடியாது.

வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல சேர். போன் மட்டும்தான் இருக்கு.

போன் போதும். ஆன்ட்ராய்ட் போனில் ஆர்டுயினோட்ராய்ட் என்றொரு செயலி இருக்கிறது. ஓடிஜி வயர் (போனில் யூஎஸ்பி சாமானைச் செருக உதவுவது) ஒன்றை வாங்கி ஊனோவைப் போனில் செருகினால், நிரலை அதிலேயே எழுதி அதிலேயே ஏற்றலாம். சின்னத் திரையில் நீளமாக எழுதுவது கண்ணுக்குக் கஷ்டம். அதனால் நிரலைக் கொப்பியில் எழுதிச் சரிபார்த்த பிறகு போனில் அடிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்வேன். அப்படி எழுதும் பிள்ளைகள் பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து கணினி அறையில் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது.

போர்ட செருகினேன், லைட் எரியுது. ஆனா கம்ப்யூட்டர்ல போர்ட் காட்டல. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. முதலில் வயரை மாற்றுங்கள். போன் சார்ஜ் செய்ய மட்டும் வரும் வயர்களில் தரவு போகும் இரண்டு கம்பிகள் உள்ளேயே இருக்காது. கரண்ட் போகும், லைட் எரியும், வேறு ஒன்றும் நடக்காது. வயர் சரியென்றால், நகல் போர்ட்களில் இருக்கும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்புக்கான டிரைவரைக் கணினியில் போடுங்கள். போர்ட் தெரிந்ததும் அதிலிருக்கும் விளக்கை மினுக்கவைக்கும் சின்ன நிரலை ஏற்றிப் பாருங்கள். அது மினுங்கினால்தான் டிவி பக்கம் போக வேண்டும்.

ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர்ல டிவியில எப்படிப் படம் வரும்? நம்பவே முடியல.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பழைய டிவியின் திரையில் படம் ஒரே தடவையில் விழுவதில்லை. குழாயின் பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்த கோட்டைத் தொடங்குகிறது. ஒரு நிரையில் கொழுந்து எடுத்து முடித்து அடுத்த நிரையின் தலைப்புக்கு வருவதுபோல. இலங்கையில் பாவிக்கும் பி.ஏ.எல். என்ற டிவி சமிக்ஞை முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். அதாவது விநாடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 64 மைக்ரோ விநாடி. ஊனோவின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் தடவை துடிக்கிறது. ஆக ஒரு கோடு போகும் நேரத்தில் அதற்கு 1,024 துடிப்புகள் இருக்கின்றன. கோட்டின் தொடக்கத்தைச் சொல்லி, புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்ப அது போதும்.

ஏவி வயரில் படம் போகும் மஞ்சள் முனையில் டிவி எதிர்பார்ப்பது மூன்று அளவுதான். 0 வோல்ட் என்றால் புதிய கோடு தொடங்குகிறது என்று பொருள், அது 4.7 மைக்ரோ விநாடி நீடிக்கும். 0.3 வோல்ட் என்றால் கறுப்பு. 1 வோல்ட் என்றால் வெள்ளை. ஊனோவின் காலுக்கோ (போர்டின் ஓரத்தில் எண் போட்ட, வயர் செருகும் துளை) 0 அல்லது 5 மட்டுமே தெரியும். அதனால் 9ஆம் காலை 1 கிலோ ஓம் வழியாகவும், 7ஆம் காலை 470 ஓம் வழியாகவும் மஞ்சள் முனையின் நடுக்கம்பியில் சேர்க்கிறோம். டிவிக்குள்ளே அந்த முனைக்கும் தரைக்கும் நடுவே 75 ஓம் இருக்கிறது. இரண்டு காலும் 0 என்றால் வயரிலும் 0. 9ஆம் கால் மட்டும் 5 என்றால் ஏறக்குறைய 0.3 வோல்ட். இரண்டும் 5 என்றால் 0.95 வோல்ட். ஓ.எல். விஞ்ஞானத்தில் படிக்கும் ஓமின் விதியை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கொப்பியில் மட்டும் கிடந்த அந்த விதி கண் முன்னால் படமாக வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

இந்த நேரக் கணக்கையெல்லாம் டிவிஅவுட் நூலகம் பார்த்துக்கொள்ளும். இந்த இடத்தில் கோடு போடு, இங்கே எழுத்தை வை என்று சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. மஞ்சள் முனையின் வெளிவளையத்தை ஊனோவின் தரைக் காலோடு சேர்க்க மறக்க வேண்டாம்.

எங்க டிவி புதுசு. மஞ்சள் ஓட்டையே இல்லையே.

பின்னால் நன்றாகப் பாருங்கள். சில தட்டை டிவிகளில் ஏவி என்று எழுதிய ஹெட்போன் அளவுத் துளை இருக்கும், அதற்கென்று ஒரு சிறு வயர் பெட்டியோடு வந்திருக்கும். அதுவும் இல்லாவிட்டால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கலாம்.

இருந்தாலும் குழாய் டிவிதான் இதற்கு உகந்தது. நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அது பொறுத்துக்கொண்டு படத்தைக் காட்டும். சில புதிய டிவிகள் அதே சமிக்ஞையைப் பிடிக்காமல் நீலத் திரையைப் போட்டுவிடும். பழைய டிவியை இரும்புக்காரருக்குக் கொடுக்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.

படம் வருது, ஆனா மேல மேல உருண்டுக்கிட்டே போகுது.

நிரலில் டிவிஅவுட்டைத் தொடங்கும் வரியைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பல அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.க்கு எழுதியவை. அதை பி.ஏ.எல். என்று மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். படம் உருளாமல் சாய்ந்து கிழிந்தால் 9ஆம் கால் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை மங்கலாக, சாம்பல் நிறமாக இருந்தால் இரண்டு ரெசிஸ்டரும் இடம் மாறியிருக்கலாம். ஒன்றுமே வராமல் கறுப்பாக இருந்தால் டிவி ஏவிக்கு மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சோல்டர் பண்ணத் தெரியாது. பரவாயில்லையா?

தொடக்கத்தில் தேவையே இல்லை. புரொஜெக்ட் போர்டில் செருகினால் போதும். ஏவி வயரை வெட்டி உள்கம்பியைச் சீவினால் மெல்லிய நூல்களாக இருக்கும், அவை போர்டுக்குள் நிற்காது. வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் ஒன்றில் சுற்றி டேப் ஒட்டிச் செருகுங்கள். விளையாட்டு நன்றாக ஓடிய பிறகு டொட் போர்டில் (துளைக்குத் துளை செப்பு வைத்த பலகை) சோல்டர் பண்ணலாம். அதைத் திருத்தும் கடைக்காரர் ஒருவரிடம் பக்கத்தில் இருந்து பழகுவதே மேல். கடையில் வேலை இல்லாத நேரம் பார்த்துப் போய்க் கேட்டால் அவர்களில் பலர் ஆசையோடு காட்டித்தருவார்கள்.

பழைய டிவி கேம் கன்ட்ரோலர் ஒன்னு கிடக்கு. அத பாவிக்கலாமா?

தாராளமாக. 8 பட்டன் இருந்தாலும் உள்ளேயிருந்து வருவது 5 கம்பிதான்: 5 வோல்ட், தரை, அப்புறம் லாட்ச், கிளொக், டேட்டா என்ற மூன்று. லாட்ச் கம்பியை ஒரு கணம் உயர்த்தி இறக்கினால், அந்த நொடியில் எந்தப் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று கன்ட்ரோலர் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே டேட்டா கம்பியில் ஏ பட்டனின் நிலை தெரியும். கிளொக்கை ஒவ்வொரு தடவை துடிக்கவைக்கும்போதும் அடுத்தது வரும். வரிசை இதுதான்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். அழுத்தியிருந்தால் 0, அழுத்தாவிட்டால் 1. முதலில் இது தலைகீழாகத் தோன்றும், சீக்கிரம் பழகிவிடும்.

கம்பியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நகல் கன்ட்ரோலர்களில் நிறத்துக்கு ஒழுங்கே கிடையாது. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள், பல போர்ட்களில் கம்பி சேருமிடத்தில் எழுத்துப் போட்டிருக்கும். எழுத்து இல்லாவிட்டால், எல்லாப் பட்டனுக்கும் பொதுவாக ஓடும் அகலமான செப்புத் தடம் வழக்கமாகத் தரையாக இருக்கும். மல்டிமீட்டரால் அங்கிருந்து தொடங்குங்கள். 5 வோல்ட் எது, தரை எது என்று உறுதியாகும் வரை ஊனோவில் செருகக் கூடாது. திறந்த கையோடு, ரப்பர் பட்டன்களின் அடியிலும் போர்டின் கறுப்புத் தடங்களிலும் பார்மசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிடுங்கள். செத்துப்போனது என்று ஒதுக்கிய பட்டன்களில் பாதி இதிலேயே உயிர்பெறும்.

மூன்று கம்பிகளையும் ஊனோவின் ஏ0, ஏ1, ஏ2 கால்களில் செருகுங்கள். படம் போகும் 7ஆம் கால் இருக்கும் வரிசையைத் தொடாமல் விடுவது பாதுகாப்பு. கன்ட்ரோலர் இல்லாதவர்கள் சாதாரணப் பட்டனை ஒரு காலுக்கும் தரைக்கும் நடுவே போட்டு, ஊனோவுக்குள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரை (பட்டனை அழுத்தாதபோது காலை 5 வோல்ட்டில் வைத்திருப்பது) நிரலில் இயக்கினால் போதும்.

முதல் முதல்ல என்ன கேம் எழுதுறது? கார் ரேஸ் எழுதலாமா?

கார் ரேஸுக்கு அவசரப்பட வேண்டாம். பந்தும் மட்டையும் வைத்து ஆடும் பொங் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். 1972இல் அட்டாரி அதைத்தான் முதலில் வெளியிட்டது. ஒரு சதுரப் புள்ளியை நகர்த்துங்கள். சுவரில் பட்டால் திருப்புங்கள். மட்டையை வரையுங்கள். மட்டையில் பட்டால் திருப்புங்கள். புள்ளிக் கணக்கை மேலே எழுதுங்கள். இந்த ஒவ்வொன்றும் சரியாக ஓடிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி ஏற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடும் பிள்ளைக்கு அன்றைக்கே மனம் விட்டுப்போய்விடும்.

10 கிலோ ஓம் வொலியூம் குமிழ் ஒன்று கிடைத்தால் மட்டைக்கு அதைப் பாவியுங்கள். இரண்டு ஓரக்கால்களில் 5 வோல்ட்டும் தரையும், நடுக்கால் ஏ3இல். பொங் தொடக்கத்திலேயே குமிழ் திருப்பி ஆடிய விளையாட்டு, பட்டனில் ஆடினால் அந்தச் சுகம் வராது. அடுத்ததாகப் பாம்பு விளையாட்டு, அதற்கு அடுத்ததாகச் செங்கல் உடைக்கும் விளையாட்டு எழுதலாம். அதற்குள் கார் ரேஸை எப்படி எழுதுவது என்று உங்களுக்கே தோன்றிவிடும்.

சத்தம் வரவைக்க ஏலுமா?

ஏலும். டிவிஅவுட் 11ஆம் காலில் சத்தம் தரும். அதை நேரே டிவியில் கொடுத்தால் அளவுக்கு மீறிய சத்தம். 11ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஏவி வயரில் சத்தம் போகும் வெள்ளை முனைக்குக் கொண்டுபோய், அந்த முனையிலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம் போடுங்கள். 5 வோல்ட் 0.9 ஆகக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பந்து பட்டால் ஒரு டிக், தோற்றால் இறங்கும் மூன்று சுரம், இவ்வளவே விளையாட்டுக்கு உயிர் கொடுத்துவிடும்.

தம்பி, மகள் ஒன்பதாம் வகுப்பு. இத செய்யணும்னு அடம்பிடிக்கிறா. கரண்ட் அடிச்சிடாதா?

அக்கா, ஊனோவில் ஓடுவது 5 வோல்ட். அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. அதிகம் பயப்பட வேண்டிய இடம் டிவியின் உள்பக்கம். கலர் குழாய் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கலாம். இந்த வேலையில் டிவியின் பின்மூடியைக் கழற்ற வேண்டிய தேவை எங்குமே இல்லை. மகளிடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் அவளை நம்பி விடலாம்.

ஏவி வயரைச் செருகும்போது டிவியை அணைத்துவிட்டுச் செருகட்டும். சில லயன் வீடுகளில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்காது, அங்கே டிவியின் வெளி உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அப்புறம் இடி மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் விளையாட்டை நிறுத்தி, டிவி பிளக்கையும் அன்டெனா அல்லது டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் தூரத்தில் விழுந்தாலும் அந்த வயர் வழியாக வந்து டிவியோடு சேர்த்து ஊனோவையும் கொண்டுபோய்விடும்.

கரண்ட் இல்லாத நேரத்துல பவர் பேங்க்ல போடலாமா?

ஊனோவுக்குப் போடலாம், டிவிக்குக் கரண்ட் வேண்டுமே. கார் பெட்டரியில் ஓடும் சின்ன 12 வோல்ட் டிவி இருப்பவர்கள் முயற்சிக்கலாம். பவர் பேங்க் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தால் அது பழுதில்லை. ஊனோ இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஒன்றும் செருகப்படவில்லை என்று எண்ணி அணைந்துவிடுகிறது. சதுர 9 வோல்ட் பெட்டரியை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், சீக்கிரம் இறங்கிவிடும்.

இங்க எப்பவும் மழையும் பனியும். போர்ட் துருப்பிடிக்காதா?

நுவரெலியா, நானுஓயா, அக்கரப்பத்தனைப் பக்கத்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. சோல்டர் பண்ணிய பிறகு ஒட்டியிருக்கும் பசை ஈரத்தை இழுத்துச் செப்பைப் பச்சையாக்கும். முன்னே சொன்ன அதே ஸ்பிரிட்டால் பழைய பல்துலக்கும் தூரிகையை நனைத்துத் தேய்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போர்டை வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன சிலிக்கா பையையும் போட்டு மூடுங்கள். பிஸ்கட் டின் அழகாக இருக்கும், ஆனால் உலோகம் என்பதால் அடியில் தடித்த காட்போர்ட் வைக்காமல் போர்டை வைக்கக் கூடாது. சுவரோரத் தரையில் வைக்காமல் மேலே வையுங்கள். சுவர் கசியும் மாதங்களில் அதுவே பெரிய பாதுகாப்பு.

கலர்ல வராதா? கறுப்பு வெள்ளைனு சொன்னா தம்பி விளையாட மாட்டேங்குறான்.

ஊனோவில் இந்த வழியில் கலர் கிடையாது. கலர் வேண்டுமென்றால் இரண்டு பாதை. ஒன்று ஊசெபொக்ஸ். 2008இல் அலெக் பூர்க் வடிவமைத்துத் திறந்த மூலமாக வெளியிட்ட கன்சோல். ஊனோ சிப்பின் உறவுக்காரச் சிப்தான் அதில் இருப்பது, நினைவகம் 4 கிலோபைட், நிறங்கள் 256. சிப்பை அதன் அனுமதித்த வேகத்துக்கு மேலே, 28.6 மெகாஹெர்ட்சில் ஓட்டுகிறார்கள். ஆனால் அது என்.டி.எஸ்.சி. முறை. பழைய பி.ஏ.எல். டிவிகள் சிலவற்றில் நிறம் வராது.

இரண்டாவது ஈஎஸ்பி32 போர்ட். விலையும் கட்டுப்படியாகும், வேகமும் அதிகம். அதன் 25, 26ஆம் கால்களில் வேண்டிய வோல்ட் அளவை நேரே தரும் வசதி இருப்பதால் கலர்ப் படம் எடுக்கும் திட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போது பழைய, சாதாரண ஈஎஸ்பி32 என்று கேளுங்கள். எஸ்3, சி3 என்று முடியும் போர்ட்களில் அந்த வசதி இல்லை. பொங்கை முடித்த பிறகு இதற்குப் போங்கள். ஊனோவில் கற்ற ஒன்றும் வீணாகாது.

நினைவகம் பாதிதான் நிரம்பியிருக்குனு காட்டுது. ஆனா படம் வரல, இல்லாட்டி குப்பை குப்பையா வருது. ஏன்?

ஆர்டுயினோ மென்பொருள் காட்டும் கணக்கு முழுக் கணக்கில்லை. 128க்கு 96 என்றால் 12,288 புள்ளி. ஒரு பைட்டில் 8 புள்ளி, ஆக 1,536 பைட். இந்த இடத்தை டிவிஅவுட் நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டு வாங்குகிறது. அதனால் நிரலை ஏற்றும்போது வரும் கணக்கில் அது சேராது. மொத்தம் 2,048 பைட்டில் அதைக் கழித்தால் உங்கள் மாறிகளுக்கும் (நிரல் ஓடும்போது மாறும் எண்களை வைக்கும் இடங்கள்) மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 512 பைட். மென்பொருள் 1,000 பைட் பாவித்திருப்பதாகக் காட்டினால் படத்துக்கு இடமே இல்லை என்று அர்த்தம். இடம் மயிரிழையில் போதாமல் போனால்தான் குப்பை வரும். அப்போது மாறிகளின் பகுதியும், நிரல் தன் தற்காலிகக் கணக்குகளை வைக்கும் ஸ்டாக் பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொள்கின்றன.

செய்ய வேண்டியவை: 255க்கு மேல் போகாத, மைனஸுக்கும் இறங்காத எண்களை எல்லாம் பைட் வகையாக மாற்றுங்கள். மாறாத படங்களையும் எழுத்துகளையும் புரொக்மெம் என்று குறித்து நிரல் இருக்கும் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் திரையை 104க்கு 80 ஆகக் குறையுங்கள், படத்துக்கு 1,040 பைட் போதும், உங்களுக்கு ஏறக்குறைய 1,000 பைட் கிடைக்கும். அகலம் 8ஆல் வகுபட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விளையாட்டின் அதிகூடிய புள்ளிக் கணக்கைக் கரண்ட் போனாலும் நிற்க வைக்க ஈஈப்ரொம் என்ற 1 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் 1 இலட்சம் தடவை எழுதும் வரைக்குமே அதற்கு உத்தரவாதம். சாதனை முறியும்போது மட்டும் எழுதுங்கள்.

பழைய மாரியோ கேசட்ட இதுல ஓடவைக்கலாமா? நெட்ல சும்மா கிடைக்குதே.

ஊனோவில் ஓடாது. கேசட்டில் இருப்பது வேறொரு சிப்பின் மொழி, இரண்டாம் கேள்வியில் சொன்ன தனிப் படச் சிப்பையும் அது எதிர்பார்க்கிறது. ராஸ்பெரி பையில் ஓடும். அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. இணையத்தில் சும்மா கிடப்பதால் உரிமை சும்மா வந்துவிடாது. பாவித்த பெட்டியில் கேம்களை ஏற்றி விற்பது இன்னும் மோசம், அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கவே கூடாது.

உரிமையாளரே பகிரச் சொல்லி வெளியிட்ட விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. பலவற்றின் மூல நிரலும் கிடைக்கும். விளையாடிப் பார்த்துவிட்டு உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். கேசட்டில் அது கிடைக்கவே கிடைக்காது.

ஊனோவ இதுக்குள்ளயே விட்டுட்டா வேற வேலைக்குப் போர்ட் இல்ல. சிப்ப மட்டும் எடுத்துத் தனியா ஓட்ட ஏலுமா?

ஏலும், அதைச் செய்தால்தான் உண்மையில் அது உங்கள் கன்சோல். பெரிய சிப் உள்ள ஊனோவில் உங்கள் விளையாட்டை ஏற்றிய பிறகு, சிப்பைத் தட்டைத் திருப்புளியால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக நெம்பி எடுங்கள். டொட் போர்டில் 28 கால் சொக்கெட் ஒன்றைச் சோல்டர் பண்ணி அதில் செருகுங்கள். 7ஆம், 20ஆம் கால்களுக்கு 5 வோல்ட். 8ஆம், 22ஆம் கால்களுக்குத் தரை. 1ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். 9, 10ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அந்த இரண்டு காலிலிருந்தும் தரைக்கு ஒவ்வொரு 22 பிகோபாரட் கெப்பாசிட்டர். சிப்பை ஒட்டி 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 100 நானோபாரட் ஒன்று.

ஊனோவில் அச்சிட்ட எண் வேறு, சிப்பின் கால் எண் வேறு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊனோவின் 7 என்பது சிப்பின் 13ஆம் கால், 9 என்பது 15, சத்தத்துக்கான 11 என்பது 17. ஏ0, ஏ1, ஏ2 என்பவை 23, 24, 25. குமிழின் ஏ3 என்பது 26. மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜர் வயரை வெட்டிச் சிவப்பையும் கறுப்பையும் எடுங்கள், நிறத்தை நம்பாமல் அளந்துவிட்டுச் சேருங்கள். படத்தில் அலை அலையாகக் கோடு ஓடினால் சார்ஜர் மலிவானது. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 100 மைக்ரோபாரட் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கும். விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் சிப்பைத் திரும்ப ஊனோவில் செருகி ஏற்ற வேண்டியதுதான். பிறை வடிவ வெட்டு எந்தப் பக்கம் என்று இரண்டு சொக்கெட்டிலும் பேனாவால் குறித்து வையுங்கள். தலைகீழாகச் செருகினால் சிப் சூடேறிப் போய்விடும்.